அண்ணி எடுத்த வானம்

பொழுது சாய்ந்துவிட்டால் அண்ணி உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். வாசலில் யாராவது வந்து கூப்பிட்டாலும் உள்ளே இருந்தபடியேதான் பதில் வரும். கல்யாண வரவேற்புகளுக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய், மேடைக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். தாம்பூலம் வாங்க, போட்டோவுக்கு நிற்க என்று எல்லோரும் போய்வருகிற நேரத்திலும் அவர் மட்டும் அசையாமல் இருப்பார். மண்டிக்காரர் வீட்டுப் பெண், அந்தத் திமிர் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அண்ணிக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்திருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. திமிர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரை வேறு எதையும் யோசிக்க மாட்டார்கள் அல்லவா?

அண்ணி என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு அவர் அண்ணிதான், சொந்த அத்தை மகள். செஞ்சியில் கடைவீதிக்குப் பின்தெருவில் அவர்கள் வீடு. இரண்டு வீடு தள்ளி எங்கள் வீடு. நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் வாங்கி விற்கிற மண்டி அவர்களுக்கு. பெண் எடுப்பதும் கொடுப்பதும் எங்கள் குடும்பத்தில் சொந்தத்துக்குள்ளேயேதான் நடக்கும். அத்தையும் மாமாவும் அப்படித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். நானும் என் கணவரும் அப்படித்தான்.

நாங்கள் ஜைனர்கள். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது வீட்டு வழக்கம். மற்ற வீடுகளில் ராத்திரிச் சமையலுக்கு அரிசி களைகிற நேரத்தில் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்போம். அதன் பிறகு வீடே ஓய்ந்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடும். அண்ணிக்குப் பிறவியிலேயே இருந்த மாலைக்கண் அந்த வழக்கத்துக்குள் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்துகிடந்தது. அத்தைக்கும் மாமாவுக்கும் தெரியும். அவர்கள் வெளியில் சொல்லவில்லை.

அண்ணியும் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும் 'தெரியுது' என்பார். அதோ பஸ் வருது பார் என்றால் தெரியுது. பிறை வந்துவிட்டது பார் என்றால் தெரியுது. சொல்கிற வேகத்தில் நாம் நம்பிவிடுவோம். டியூஷன் விட்டு வரும்போது என் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டே நடப்பார். நீ ஓட்டாதே, பேசிக்கொண்டே போகலாம் என்பார். என்மேல் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். பிரியமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் கடைவீதியில் கால்வாய்க்காகத் தோண்டிப்போட்டிருந்த பள்ளத்தில் அண்ணி விழுந்துவிட்டார். பூக்கடையில் நின்றிருந்த பெண்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். அண்ணி முழங்கால் சேற்றோடு உள்ளே நின்றபடி, கொலுசு கழன்று விழுந்துவிட்டது, அதை எடுக்கத்தான் இறங்கினேன் என்றார். சொன்னதோடு விடாமல் குனிந்து சேற்றைத் துழாவவும் ஆரம்பித்தார். இரண்டு கொலுசும் அவர் காலில்தான் இருந்தன. எனக்குத் தெரிந்தது, பூக்கடைப் பெண்களுக்கும் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி கை கொடுத்தாள். அண்ணி அதைப் பிடிக்காமல் தானே கையை ஊன்றி ஏறினார்.

அதற்குப் பிறகு பெண்ணுக்குக் கண்ணில் ஏதோ கோளாறாம் என்ற பேச்சு சொந்தத்துக்குள் மெல்ல நகர்ந்தது. முறைப்பையன்கள் இரண்டு பேர் வீட்டில் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார்கள். மாமாவுக்குப் பெரிய அவமானம். கடைசியில் வந்தவாசிப் பக்கம் சொந்தமே இல்லாத ஒரு குடும்பத்தில் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் என்ஜினியர். கண் விஷயத்தை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அசலில் கொடுக்கவேண்டி வந்துவிட்டதே என்று அத்தை அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த வருடமே எனக்கும் அண்ணியின் தம்பிக்கும் கல்யாணம் நடந்தபோது, இதாவது சொந்தத்தில் அமைந்ததே என்று அதே அத்தை ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது.

அண்ணியின் கணவரை நான் அண்ணன் என்பேன். அதிகம் பேசாத மனிதர். பெர்த் போன சில நாளிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். இருட்டிய பிறகு காரில் இருந்த பால் பாக்கெட்டை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். போன அண்ணி வரவே இல்லை. அவர் போய்ப் பார்த்தபோது கார் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றிருக்கிறார். என்ன என்று கேட்டதற்கு, நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாராம். அன்றைக்கு மழை மூட்டம். அண்ணன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். மறுநாள் ஒரு டார்ச் லைட் வாங்கிவந்து கையில் கொடுத்தார். ஏமாற்றிவிட்டீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மனசு லேசாகியிருக்கும் என்று அண்ணி ஒருமுறை சொன்னார்.

அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவன் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு வந்த விடுமுறையில்தான் அண்ணி முதன்முதலாகக் கேமராவோடு ஊருக்கு வந்தார்.

கேமராவோடு ஒரு பெரிய படத்தையும் கண்ணாடி போட்டு எடுத்துவந்திருந்தார். கீழே கறுத்த கடல். கரையில் ஆளுயரத்துக்குச் சுண்ணாம்புப் பாறைகள். அவற்றின் மேலே பால்வீதி செங்குத்தாக எழும்பி நின்றது. கூடத்தில் மாட்டினார்கள். அத்தை அதைப் பார்த்துவிட்டு, எங்கேயோ வைக்கோல் போர் எரிகிற மாதிரி இருக்கிறதே என்றார். மண்டிக்கு வந்த வியாபாரி ஒருவர், அத்தனை புள்ளியையும் தூசி என்று நினைத்துத் துண்டால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, நீங்களா எடுத்தீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் மறைக்காமல் பேசினார். அண்ணனோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். இருட்டியதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்து வியந்திருக்கிறார்கள். அண்ணியும் சேர்ந்து வியந்திருக்கிறார்.

"எனக்கு மேல கருப்புத் துணி போத்தின மாதிரிதான் இருந்துச்சு. நானும் ஆமா ஆமான்னேன். அப்ப ஒருத்தர் கேமராவுல எடுத்ததத் திருப்பிக் காட்டுனாரு. சின்ன ஸ்கிரீன்தான். அதுல அத்தன இருந்துச்சு. அரிசியக் கொட்டி வெச்ச மாதிரி. இதத்தான் எல்லாரும் பொறந்ததுல இருந்து பாத்துக்கினு இருந்தாங்களான்னு நெனச்சேன்."

"அழுதுட்டீங்களா அண்ணி?"

"அழல. கோவம்தான் வந்துச்சு. இத்தன நாளா இன்னாத்தத் தெரியுது தெரியுதுன்னு சொல்லிக்கினு இருந்தேன்னு."

அதன் பிறகு விடவில்லை. மருத்துவமனை ஒன்றில் துணி மடிக்கிற வேலைக்குப் போய் அந்தச் சம்பளத்தில் கேமரா வாங்கினார். ஊரை விட்டு வெகுதூரம், விளக்கே இல்லாத கரைகளுக்கு அண்ணன் காரில் கூட்டிப்போவார். கேமரா ஸ்டாண்டின் கால்களில் இருட்டில் ஒளிரும் நாடாவை ஒட்டிவைத்துக்கொண்டார். ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, லென்ஸ் வளையத்தை அது ஊசிமுனையாகும் வரை திருப்புவார். பிறகு ஷட்டரைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருப்பார். தன்னைச் சுற்றி ஒன்றும் தெரியாது. கடல் சத்தம் மட்டும் கேட்கும். திரையில் படம் வந்து விழுகிற அந்த நிமிஷத்துக்காகத்தான் அத்தனை தூரமும்.

விலங்குகளையும் எடுத்தார். விடிகிற நேரத்தில் கடற்கரை மணலில் வந்து நிற்கிற கங்காருக்கள், ஆற்றில் மிதக்கிற கறுப்பு அன்னங்கள். அவருடைய பகல் பார்வையும் அப்போதே ஓரங்களில் சுருங்க ஆரம்பித்திருந்தது. ஓடுகிற எதையும் கண்ணால் துரத்த முடியாது. அதனால் ஒரே இடத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார், வருவது வரட்டும் என்று. ஒருமுறை படுத்திருக்கிற கடல்சிங்கம் என்று நினைத்து ஒரு பாறையைக் காலை முழுவதும் எடுத்ததை அண்ணன் எங்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அண்ணியும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்றைக்கே அந்தப் பாறையின் படங்களை அழித்துவிட்டார் என்பதையும் அண்ணன்தான் சொன்னார்.

என் மகளுக்குப் பத்து வயதாகியிருந்த தை மாதத்தில் அவர்கள் மறுபடி வந்தார்கள். அண்ணிக்கு செஞ்சிக் கோட்டைக்கு மேலே வானத்தை எடுக்க வேண்டும். கோட்டை மலைகளான ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் சாயங்காலமே கதவைப் பூட்டிவிடுவார்கள். என் கணவர் திருநாதர்குன்றுக்குப் போகலாம் என்றார். ஊருக்கு வடக்கே, பாறையில் தீர்த்தங்கரர்கள் இருபத்துநான்கு பேரையும் செதுக்கியிருக்கிற குன்று அது. எங்கள் ஆட்கள் அடிக்கடி போகிற இடம்தான்.

சாப்பிட்டுவிட்டு வெளிச்சத்திலேயே ஏறினோம். நான், என் கணவர், அண்ணி, பாப்பா நான்கு பேர். அண்ணன் ஜுரம் என்று மகனோடு வீட்டிலேயே இருந்துவிட்டார். மேலே போனதும் அண்ணி எங்களை மறந்துவிட்டார். கோட்டை மலைகள் கறுத்து, ஊர் விளக்குகள் ஏற ஏற, இந்தப் பக்கம் இவ்வளவு வெளிச்சம் இருக்கிறதே என்று குறைபட்டுக்கொண்டே எடுத்தார். கிழக்கே கேமராவைத் திருப்பி, பெர்த்தில் தலைகீழாக நிற்கிற வேட்டைக்காரன் நட்சத்திரக்கூட்டம் இங்கே பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வருகிறது பார் என்று பாப்பாவுக்குத் திரையில் காட்டினார். இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். நான் பாறைமேல் உட்கார்ந்து அவர்கள் முகத்தில் விழுந்த அந்தச் சிறு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கடல் பக்கத்திலிருந்து மேகம் ஏறிவிட்டது. அண்ணி கடைசியாக எடுத்த படத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் இருந்தது, ஒரு புள்ளி இல்லை. போதும் போகலாம் என்று மூட்டை கட்டினார்.

என் கணவர் செல்போன் வெளிச்சத்தோடு முன்னால் இறங்கினார். அவருக்குப் பின்னால் நான். என் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணி. அண்ணியின் கேமராப் பையைப் பிடித்துக்கொண்டு பாப்பா. பாதி இறங்கியபோது என் தோளில் இருந்த கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணி தலையைச் சாய்த்து, பின்னால் வருகிற காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பா ஒவ்வொரு அடிக்கும் முதலில் கால்விரலால் தரையைத் தடவிப் பார்த்து, பிறகுதான் ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, மேல பாரு. நட்சத்திரம் தெரியுதா?"

"தெரியுது அத்தே. நெறய இருக்குது."

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அடிவாரத்து வீடுகளின் வெளிச்சம் பட்டு மேகம் அடியில் மஞ்சளாகக் கிடந்தது.

மறுநாள் காலையில் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அதற்குள் என் பங்குக்குச் சமாதானங்கள் தயாரித்துவைத்திருந்தேன். குழந்தை விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாள். அவள் எப்போதுமே பயந்தாங்கொள்ளி. கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே நின்றுவிடுவாள். தியேட்டருக்குள் நுழையும்போது என் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். டியூஷனிலிருந்து தனியாக வர மாட்டாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் தேய்ந்துவிட்டது.

"அது பயம் இல்ல கண்ணு. அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். நான் பேசின பேச்சு அது," என்றார் அண்ணி.

பாண்டிச்சேரிக்கு ஒரு பெரிய கண் மருத்துவமனைக்குப் போனோம். அண்ணியும் வந்தார். பாப்பாவின் கண்ணில் மருந்து ஊற்றி, இருட்டறையில் உட்காரவைத்து, ஒயர்கள் ஒட்டி என்னென்னவோ சோதித்தார்கள். எல்லாம் முடிந்து, இளவயது டாக்டரம்மா ஒருவர் எங்கள் குடும்பத்தைத் தாளில் வரைந்தார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குக் கட்டம், கல்யாணத்துக்கு நடுவே ஒரு கோடு. அத்தைக்கும் மாமாவுக்கும் நடுவே கோடு போட்டபோது, சொந்தமா என்று கேட்டு இன்னொரு கோடு சேர்த்தார். எங்களுக்கும் அப்படியே ரெட்டைக் கோடு போட்டார். அண்ணிக்கும் அண்ணனுக்கும் மட்டும் ஒற்றைக் கோடு.

விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற பிறவி நோய் என்றார். முதலில் இருட்டு, பிறகு ஓரங்கள், கடைசியில் நடு. மருந்து இல்லை. எங்கெங்கோ ஆராய்ச்சி நடக்கிறது, வருடா வருடம் வந்து காட்டுங்கள். எந்த வயதில் எவ்வளவு போகும் என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாதம்மா என்றார். இது யார் செய்த தவறும் இல்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

திரும்பும்போது திண்டிவனம் தாண்டி என் கணவர் காரை ஓரமாக நிறுத்தி இறங்கினார். ஒரு புளியமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் போகவில்லை. போய் என்ன சொல்வது? பின் சீட்டில் பாப்பா அண்ணி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மருந்து ஊற்றிய கண்களுக்கு வெயில் கூசும் என்று அண்ணி தன் முந்தானையை அவள் முகத்தின்மேல் போட்டிருந்தார்.

அந்த வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு வந்தது. அத்தை வழக்கம்போல அண்ணியை வெளிச்சத்திலேயே கிளம்பச் சொன்னார். அண்ணி தலைவலி என்று தாமதித்தார். நன்றாக இருட்டிய பிறகுதான் பாப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மண்டபத்தில் வெளிச்சம் வாசல் அலங்கார வளைவோடு சரி. அங்கிருந்து கூடத்துக்குப் போகிற நடைபாதையில் விளக்கு இல்லை. சொந்தக்காரர்கள் கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள். பெண் வீட்டுக்காரி ஒருத்தி, வாங்க வாங்க என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அண்ணி நடக்கவில்லை.

"எனக்கு ராத்திரில கண்ணு தெரியாதும்மா. பொறந்ததுல இருந்தே தெரியாது. கையப் பிடிச்சு இட்டுக்கினு போ."

சத்தமாகத்தான் சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி. அந்தப் பெண் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, பிறகு வந்து கையைப் பிடித்தாள். பாப்பா அண்ணியின் குரல் வந்த பக்கம் முகத்தை நிமிர்த்தினாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "எனக்கும் தெரியாதும்மா," என்றாள். அவளுக்கு எங்கள் யாருடைய முகமும் தெரிந்திருக்காது. அதற்கு நான் நன்றி சொல்லிக்கொண்டேன், ஏனென்றால் சுற்றி இருந்தவர்கள் பார்த்த பார்வை அப்படி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை வெடித்தார். இத்தனை வருடம் நானும் உன் நைனாவும் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டாயே என்றார்.

"நீ உன் ஊருக்குப் போயிடுவ. நாளைக்கு இந்தப் பொண்ண எவன் கேட்டுக்கினு வருவான்?"

"வர்றவன் தெரிஞ்சிக்கினு வரட்டும்மா. என்னய மாதிரி அவளும் கொலுசு தேடிக்கினு இருக்கணுமா?"

என் கணவர் அக்காவின் பக்கமும் பேசவில்லை, அம்மாவின் பக்கமும் பேசவில்லை. உன் பெண்ணாக இருந்தால் இப்படிச் செய்திருப்பாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனார். நான் எந்தப் பக்கம் நிற்பது? அண்ணி செய்ததில் நியாயம் இருந்தது. அத்தை பயந்ததிலும் நியாயம் இருந்தது. என் பெண் இந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவே பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அண்ணியின் மேல் கோபம்தான் இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் சில வருடம் தெரியாமலேயே இருந்திருப்போமே என்ற, அர்த்தமில்லாத கோபம்.

அவர்கள் கிளம்பியபோது என் கணவர் விமான நிலையத்துக்குப் போகவில்லை. வெகுநாள் பேச்சுவார்த்தையே இல்லை. அண்ணி அவ்வப்போது அனுப்பிவந்த படங்களும் நின்றுபோயின. பாப்பாவின் பள்ளியில் நான் போய்ச் சொன்னேன். முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். சாயங்கால ஸ்பெஷல் வகுப்புக்கு அவள் அப்பாவே போய்க் கூட்டிவந்தார். தெருவில் நிறையப் பேர் பரிதாபப்பட்டார்கள். சிலர் அவள் இருக்கும்போதே பரிதாபப்பட்டார்கள். ஆனால் அவள் எங்கே போனாலும், இருட்டு வந்தால் தயங்காமல் கையை நீட்டப் பழகிவிட்டாள். அது யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அதை அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன்.

பிறகு ஒருநாள் அண்ணன் போன் செய்தார். அண்ணி கடற்கரைப் பாறையில் பகலிலேயே விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. அந்த நாட்டுக் கணக்கில் இனி அவர் பார்வையற்றவர் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நேருக்கு நேராக ஒரு வளையலுக்குள் தெரிகிற அளவுக்கு மட்டும் மங்கலாக ஏதோ மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு என் கணவர் மண்டியைச் சாத்திவிட்டு வந்து, அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசினார். பேசினார் என்று சொல்ல முடியாது. பாதி நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

அண்ணி கடற்கரைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. கேமராவை எந்தப் பக்கம் வைப்பது, எவ்வளவு நேரம் திறப்பது என்று அவர் சொல்லச் சொல்ல இப்போது அண்ணன்தான் எடுக்கிறார். எடுத்து முடித்ததும், என்ன வந்திருக்கிறது என்று கேட்டால் அண்ணன், நன்றாக வந்திருக்கிறது என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. அதனால் அண்ணி பாப்பாவைக் கேட்டார்.

பெர்த்தில் நன்றாக இருட்டிய பிறகும் இங்கே வெயில் இருக்கும். பாப்பா பள்ளி விட்டு வந்து முகம் கழுவுகிற நேரத்துக்குப் போன் வந்துவிடும். அண்ணன் அனுப்புகிற படத்தை என் கணவர் டிவியில் பெரிதாகப் போட்டுக் கொடுப்பார். பாப்பா டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்பீக்கரில் அண்ணிக்குச் சொல்வாள். அவள் சொல்வதைக் கேட்க எனக்கே ஆசையாக இருக்கும். எந்த நட்சத்திரம் எவ்வளவு தடிமன், எது நீலம், எது மஞ்சள், கடலில் அலை எதுவரை பாலாகக் கிடக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்வாள். அண்ணி நடுநடுவே கேள்வி கேட்பார். சில நாள் இருவரும் எதற்கோ சிரிப்பார்கள். நான் அந்த நேரத்தில் சமையலறையில் வேலையை மெதுவாகச் செய்வேன்.

போன வாரம் வந்த படம் ஓர் ஆற்று முகத்துவாரம். சூரியன் இறங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் அசைவில்லாமல் கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது. முதல் நட்சத்திரங்கள் மேலேயும் தண்ணீரிலும் இருந்தன. பாப்பா வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே வந்தாள். மேலே கருநீலம், கீழே வரவர ஆரஞ்சு, நடுவில் பெரிதாக ஒரு நட்சத்திரம், அதன் நிழல் தண்ணீரில் கோடு மாதிரி நீண்டு கிடக்கிறது என்றாள்.

நான் கை துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து அவள் பின்னால் நின்றேன். படத்தின் வலது ஓரத்தில், தண்ணீரில் நட்டிருந்த மரக்கட்டையின்மேல் ஒரு கூழைக்கடா நின்றுகொண்டிருந்தது. நீண்ட அலகை மார்பில் சாய்த்து, பெரிதாக, வெள்ளையாக, தெளிவாக.

"ஓரத்துல எல்லாம் பாத்தியா கண்ணு? அவ்ளோதானா?" என்று அண்ணி கேட்டார்.

பாப்பா ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அவ்ளோதான் அத்தே."

அவள் அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருக்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆயிரம் யோசனை இருக்கும். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் அண்ணன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பறவை நகராமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் படமெடுத்தவர் அவர்.

"நல்லா இருக்குது, அடுத்தது போடு," என்றார் அண்ணி.